இணையக் கடை: எதை ஒப்படைக்கலாம், எதைக் கைவசம் வைத்துக்கொள்ள வேண்டும்

(சிறுதொழில் தொடங்க விரும்புவோருக்காகப் புதுச்சேரியில் நடந்த கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவைத் தலைவர் அவர்களே, இந்தக் கூட்டத்தைக் கூட்டிய நண்பர்களே, கடலூரிலிருந்தும் பண்ருட்டியிலிருந்தும் காலையிலேயே பஸ் பிடித்து வந்திருக்கும் சகோதர சகோதரிகளே, அனைவருக்கும் வணக்கம்.

இணையத்தில் முந்திரி விற்கும் என்னை, இணையத்தில் கடை வைப்பது எப்படி என்று பேசும்படி கேட்டுக்கொண்டார்கள். கடையைத் திறப்பது இன்று ஒரு நாள் வேலைதான் என்பதால் அதை விட்டுவிட்டு, திறந்த சில மாதங்களில் ஏறக்குறைய எல்லோருக்கும் வந்து சேரும் இரண்டு தேவைகளைப் பற்றிப் பேச விரும்புகிறேன். நம் சரக்கைப் பற்றி ஊருக்குச் சொல்ல நம்மிடம் ஆள் இல்லை. ஆகவே விற்றுத் தருபவர்களோடு கூட்டுச் சேர்கிறோம். எல்லா வேலையையும் நாமே பார்க்க நேரம் இல்லை. ஆகவே படம் எடுக்கவும், எழுதவும், கணக்குப் பார்க்கவும் ஃப்ரீலான்சர்களை, அதாவது மாதச் சம்பளத்தில் சேராமல் வேலைக்கு வேலை பணம் பெற்றுச் செய்து தருபவர்களை, நாடுகிறோம். இரண்டிலும் நம் கடையின் ஒரு பகுதியைப் பிறர் கையில் கொடுக்கிறோம். எந்தப் பகுதியைக் கொடுக்கலாம், எதை எந்த நெருக்கடியிலும் கொடுக்கக் கூடாது என்பதே என் பேச்சின் பொருள்.

பிறர் வழியாக விற்பது இந்த ஊருக்குப் புதிது அன்று. 18-ஆம் நூற்றாண்டில் இதே புதுச்சேரியில் பிரெஞ்சுக் கம்பெனிக்கும் உள்ளூர் வணிகர்களுக்கும் நடுவே நின்று பேசி முடித்தவர்கள் துபாஷிகள். 1709-இல் பிறந்து 1761-இல் மறைந்த ஆனந்தரங்கப் பிள்ளை, ஆளுநர் துய்ப்ளேக்சிடம் தலைமைத் துபாஷியாக இருந்தவர். அவர் பெயரில் இன்றும் இந்நகரில் ஒரு தெரு இருக்கிறது. துபாஷி என்றால் இரு மொழி அறிந்தவர் என்று பொருள். மொழி அறிந்தவர்கள் பலர் இருந்திருப்பார்கள். இரு தரப்பும் நம்பும்படியான ஆள் கிடைப்பதுதான் அரிது, கமிஷனும் அதற்காகத்தான். பண்ருட்டிப் பலாப்பழ மண்டியில் ஒரு காலைப்பொழுதை நின்று கழித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இணையத்தில் இந்தத் தரகுக்கு அஃபிலியேட் என்று பெயர். அமேசான் நிறுவனம் 1996-இல் அசோசியேட்ஸ் என்ற திட்டத்தைத் தொடங்கி, தன் பொருளைப் பிறர் தங்கள் தளத்தில் பரிந்துரைத்து விற்றுத் தந்தால் பங்கு தருவதாகச் சொன்ன பிறகு இந்த முறை உலகெங்கும் பரவியது. பரிந்துரைப்பவருக்கு ஒரு தனி இணைப்பு தரப்படும். அந்த இணைப்பைத் தொட்டு வந்தவர் குறித்த காலத்துக்குள் வாங்கினால் விற்பனை அவர் கணக்கில் சேரும். பெரிய கடைக்கு இது பொருந்தும். நம் வாடிக்கையாளர்களில் பலர் இணைப்பைப் பார்த்துவிட்டு, இரண்டு நாள் யோசித்து, வீட்டில் கேட்டு, பிறகு வாட்ஸ்அப்பில் ‘ஒரு கிலோ அனுப்புங்கள்’ என்று எழுதுபவர்கள். அந்த வழியில் வரும் விற்பனையை இணைப்பு பிடிக்காது. ஆகவே நான் ஒவ்வொரு கூட்டாளிக்கும் அவர் பெயரைச் சுருக்கி ஒரு கூப்பன் சொல்லைத் தருகிறேன். வாங்குபவர் அந்தச் சொல்லைச் சொன்னால் அவருக்குச் சிறு தள்ளுபடி, கூட்டாளிக்குக் கமிஷன். இதிலும் ஒரு கசிவு உண்டு: கூப்பன்களைத் திரட்டி வெளியிடும் தளங்கள் அந்தச் சொல்லை எடுத்துப் போட்டுவிட்டால், எப்படியும் வாங்க இருந்தவர்களுக்கும் நாம் தள்ளுபடியும் கமிஷனும் சேர்த்துக் கொடுத்துக்கொண்டிருப்போம். மூன்று மாதத்துக்கு ஒரு முறை சொல்லை மாற்றிவிடுங்கள்.

கமிஷன் எவ்வளவு என்பதில்தான் பெரும்பாலான சிறு கடைகள் விழுகின்றன. இதில் சற்று நிதானமாக நிற்க விரும்புகிறேன். கணக்கு எளிதாக இருக்க, ஒரு கிலோ முந்திரிப் பருப்பை 1000 ரூபாய்க்கு விற்பதாக வைத்துக்கொள்வோம். கொள்முதல் 760, டப்பாவும் அட்டைப்பெட்டியும் 30, கூரியர் 70, பணம் வாங்கித் தரும் சேவைக்கு 20. மிஞ்சுவது 120. ‘பத்து விழுக்காடுதானே’ என்று விலையில் கமிஷன் பேசினால் 100 ரூபாய் போய்விடும். கையில் 20 நிற்கும். இப்போது பத்துப் பெட்டியில் ஒன்று பிரிக்கப்படாமல் திரும்பி வந்தது என்று கொள்ளுங்கள். போகவர கூரியர் 140, பெட்டிச் செலவு 30, ஆக 170 நஷ்டம். மற்ற ஒன்பது பெட்டிகளில் கிடைத்த 180 ரூபாயில் அதைக் கழித்தால், பத்துப் பெட்டி விற்று நாம் சம்பாதித்தது 10 ரூபாய். விற்பனை ஏறிக்கொண்டே போகும், கடை மெலிந்துகொண்டே போகும். ஆறு மாதம் வரை காரணமும் தெரியாது.

ஆகவே கமிஷனை விலையில் பேசாதீர்கள், மிச்சத்தில் பேசுங்கள். மேற்சொன்ன கணக்கில், புதிய வாடிக்கையாளரின் முதல் வாங்கலுக்கு மிச்சத்தில் பாதியான 60 ரூபாயையும், அதே ஆள் ஓராண்டுக்குள் மறுபடி வாங்கும் ஒவ்வொரு முறைக்கும் 20 ரூபாயையும் கூட்டாளிக்குத் தருவேன். மறுவாங்கலுக்கு எதற்குக் கொடுக்க வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. மறுபடி வருபவரால்தான் தமக்கும் தொடர்ந்து வருமானம் என்று தெரிந்த கூட்டாளி, பொருளைப் பற்றி மிகைப்படுத்திச் சொல்ல மாட்டார். சொன்னதற்கும் வந்ததற்கும் வேறுபாடு இருந்தால் இழப்பு அவருக்கும் உண்டு. கமிஷனைப் பணமாகத் தரும் நாள், சரக்கைத் திருப்பி அனுப்பும் கெடு முடிந்த பிறகுதான் என்பதையும் முதலிலேயே எழுதிவிடுங்கள்.

யாரோடு கூட்டுச் சேர்வது? லட்சம் பேர் பின்தொடரும் ஆளைத் தேடி எல்லோரும் ஓடுகிறார்கள். என் அனுபவத்தில், நம் வாடிக்கையாளருக்கே வேறொரு பொருளை விற்கும் இன்னொரு சிறு கடைக்காரர்தான் நல்ல கூட்டாளி. வில்லியனூர்ச் சுடுமண் பொம்மை வாங்குபவர் பண்டிகைக்குப் பரிசு கொடுப்பவர். பரிசுப் பெட்டியில் முந்திரி வைப்பவரும் அவரே. அவர்கள் பார்சலில் என் அட்டை, என் பார்சலில் அவர்கள் அட்டை என்று தொடங்கியது இன்று பொங்கலுக்கும் தீபாவளிக்கும் சேர்ந்து பெட்டி போடும் அளவுக்கு வந்திருக்கிறது. இந்த நகரத்தின் விருந்தினர் விடுதிகளும் அப்படித்தான். வந்தவர்கள் ஊர் திரும்பிய பிறகு வாங்கும்படி, அறையில் ஒரு சிறு அட்டையும் அதில் ஒரு கியூஆர் குறியும் வைக்க அனுமதி கேளுங்கள்.

ஆனால் வாடிக்கையாளர்களின் தொலைபேசி எண்களை ஒருபோதும் மாற்றிக்கொள்ளாதீர்கள். அவர் எண்ணைத் தந்தது நமக்கு, நம் பொருளுக்காக. 2023-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒப்புதலை அடிப்படையாகக் கொண்டது என்பது ஒருபுறம் இருக்க, ஒருவர் நம்பிக் கொடுத்ததை அவரைக் கேட்காமல் மூன்றாமவருக்குத் தருவது எந்தச் சட்டமும் இல்லாவிட்டாலும் தவறுதான். கூட்டாளியின் செய்தியை நம் வாடிக்கையாளருக்கு நாமே, நம் பெயரில் அனுப்பலாம். எண்கள் நம்மிடமே இருக்கும்.

பணம் வாங்கிக்கொண்டு பரிந்துரைப்பவர் அதை வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், தவறான விளம்பரங்களைத் தடுப்பதற்கான வழிகாட்டு நெறிகள் 2022 ஜூனில் வந்தன. பொய்யான, வழிதவறச் செய்யும் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரையிலும், மறுபடி செய்தால் 50 லட்சம் வரையிலும் அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடம் உண்டு. தமிழில் பேசி விற்பவர் ‘இது விளம்பரம், எனக்குக் கமிஷன் உண்டு’ என்பதையும் தமிழிலேயே, பேச்சின் தொடக்கத்திலேயே சொல்லட்டும். சொன்னால் விற்காது என்று அஞ்சுகிறார்கள். என் கூட்டாளிகள் சொல்கிறார்கள், விற்கிறது.

இந்த அவையில் கடலூர்க்காரர்களும் புதுச்சேரிக்காரர்களும் கலந்து அமர்ந்திருப்பதால் வரி பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். சரக்கு மட்டும் விற்பவருக்கு ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயமாகும் எல்லை தமிழ்நாட்டில் ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் ரூபாய், புதுச்சேரியில் 20 லட்சம். நம் இரு ஊர்களுக்கும் இடையே முப்பது கிலோமீட்டர்கூட இல்லை. ஆனால் நடுவே மாநில எல்லை இருக்கிறது. கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு ஒரு பெட்டி முந்திரி விற்றால் அது மாநிலங்களுக்கு இடையேயான விற்பனை. வரிக்கு உட்பட்ட சரக்கை அப்படி விற்பவர், விற்றுமுதல் எவ்வளவு சிறியதாக இருந்தாலும், பதிவு செய்தாக வேண்டும். அரசு அறிவித்த சில கைவினைப் பொருள்களுக்கு மட்டும் இதில் சலுகை உண்டு. இரு ஊர்க் கடைகள் கூட்டுச் சேரும்போது இதைப் பேசாமல் தொடங்குவது பின்னால் பெரும் தொல்லையில் முடியும்.

இனி ஃப்ரீலான்சர்கள். என் முதல் பாடம் ஒரு பொருள் விவரணையில் வந்தது. முந்திரியில் டபிள்யூ 320 என்றால் ஒரு பவுண்டு எடைக்கு ஏறத்தாழ 320 பருப்பு நிற்கும் என்று பொருள். எண் ஏறினால் பருப்பு சிறிது. எழுதித் தந்த தம்பி திறமையானவர், ஆனால் முந்திரி தெரியாதவர். 240-ஐவிட 320 பெரியது, உயர்ந்தது என்று எழுதிவிட்டார். நானும் படித்துப் பார்க்காமல் ஏற்றிவிட்டேன். பெரிய பருப்பு என்று நம்பி வாங்கியவர்களுக்கு மன்னிப்புக் கேட்டுப் பணத்தைத் திருப்பித் தந்தேன். எழுதும் வேலையை ஒப்படைக்கலாம், சரக்கைப் பற்றிய அறிவை ஒப்படைக்க முடியாது என்பதை அன்று தெரிந்துகொண்டேன். அதன் பிறகு, எழுத வருபவரை முதலில் ஒரு நாள் தோப்பில் கொட்டை உடைக்கும் இடத்துக்கு அழைத்துப் போகிறேன். கொட்டை எது, பருப்பு எது, முழுசு எது, உடைசல் எது என்று கண்ணால் பார்த்தவர் தவறாக எழுதுவதில்லை.

இரண்டாவது பாடம் அதிகம் வலித்தது. என் தளத்தை அமைத்துத் தந்தவர் அதன் பெயரைத் தம்முடைய மின்னஞ்சலில் பதிவு செய்திருந்தார். தீய எண்ணம் ஏதும் இல்லை. அப்போது அவசரம், எனக்கும் கேட்கத் தெரியவில்லை. மூன்றாம் ஆண்டு அவர் வெளிநாட்டு வேலைக்குப் போய்விட்டார். புதுப்பிக்கச் சொல்லும் நினைவூட்டல்கள், அவர் திறந்து பார்க்காத அஞ்சல் பெட்டிக்கு ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. தீபாவளிக்கு ஒன்பது நாள் இருக்கும்போது கடை திறக்கவில்லை. அவரைத் தேடிப் பிடித்துப் பெயரை மீட்பதற்குள் பண்டிகை முடிந்துவிட்டது. வாங்கி அடுக்கிய சரக்கை மண்டி விலைக்குத் தள்ள வேண்டியதாயிற்று. தளத்தின் பெயர், அதன் மின்னஞ்சல், பணம் வந்து சேரும் கணக்கு, வாட்ஸ்அப் எண், விளம்பரக் கணக்கு ஆகிய ஐந்தும் உங்கள் பெயரில், உங்கள் கைபேசியில் இருக்கட்டும். வேலை செய்பவருக்கு வேலைக்கான அனுமதியை மட்டும் தாருங்கள். வேலை முடிந்த அன்று அதைத் திரும்பப் பெறுங்கள்.

உரிமையும் அப்படித்தான். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, சம்பளத்துக்கு இருப்பவர் பணியின் பகுதியாக எழுதியது முதலாளிக்கு உரியது. ஃப்ரீலான்சர் எழுதிய வாசகமோ நிரலோ, வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், பணம் கொடுத்த பிறகும் அவருக்கே உரியது. உரிமையை மாற்றித் தருவது எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். அதில் காலம் குறிக்காவிட்டால் ஐந்தாண்டு என்றும், இடம் குறிக்காவிட்டால் இந்தியாவுக்குள் என்றும் சட்டம் கொள்ளும். நான்கு வரி போதும், ஆனால் அந்த நான்கு வரி வேலை தொடங்கும் முன்பே வேண்டும்.

நாம் வேலை வாங்கும் ஃப்ரீலான்சர்கள் யார் என்பதையும் நினைத்துப் பாருங்கள். குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு மூன்று மணி நேரம் கணினிமுன் அமரும் பெண், கல்லூரிக் கட்டணத்துக்காக இரவில் வீடியோ வெட்டித் தரும் மாணவர், இப்படிப்பட்டவர்கள்தான் பெரும்பாலோர். ‘முதலில் ஒரு மாதிரி செய்து காட்டுங்கள், பிடித்தால் பணம்’ என்று பத்துப் பேரிடம் இலவசமாக வேலை வாங்குவதை நான் களவு என்றே சொல்வேன். ஆளைச் சோதிக்க வேண்டுமா? இரண்டு மணி நேர வேலை ஒன்றைத் தந்து அதற்குரிய பணத்தையும் அன்றே தாருங்கள். பெரிய வேலையை மூன்று தவணையாகப் பிரித்து, ஒவ்வொரு தவணையிலும் எது வந்து சேர வேண்டும் என்று எழுதுங்கள். எத்தனை முறை திருத்தம் கேட்கலாம் என்பதும் அதில் இருக்கட்டும்; திருத்தத்துக்கு எல்லை இல்லாத வேலை எந்த ஃப்ரீலான்சரையும் ஓட வைத்துவிடும்.

கடைசியாக, என்னிடம் இன்று படம் எடுக்க ஒருவர், எழுத ஒருவர், விளம்பரம் பார்க்க ஒருவர், விற்றுத் தர பதினான்கு கூட்டாளிகள் இருக்கிறார்கள். ஆனால் குறை சொல்லி வரும் அழைப்பை வேறு யாரிடமும் இன்றுவரை நான் கொடுத்ததில்லை. போன மாதம் நெல்லிக்குப்பத்திலிருந்து ஓர் அம்மா, பருப்பில் பழைய வாடை வருகிறது என்றார். வாங்கிய தேதியைப் பார்த்தேன். அந்த வாரம் போன இருபத்திரண்டு பெட்டிகளும் ஒரே மூட்டையிலிருந்து எடுத்தவை. அன்று மாலைக்குள் மற்ற இருபத்தொரு வீட்டுக்கும் நானே பேசினேன். ஏழு பேர், தங்களுக்கும் அப்படித்தான் இருந்தது, ஆனால் சொல்லத் தோன்றவில்லை என்றார்கள்.