தெற்கு பிரான்சின் மலைக்கோட்டைகளுக்கு நடந்தே போகலாம்

நேயர்களுக்கு வணக்கம்.

பிரான்சில் கோட்டை பார்க்கப் போகிறோம் என்று யாராவது சொன்னால், பெரும்பாலும் அவர்கள் மனத்தில் இருப்பது லுவார் ஆற்றங்கரை மாளிகைகள்தான். அகழி, பூந்தோட்டம், ராஜாவின் படுக்கையறை. அழகானவைதான், மறுக்கவில்லை. ஆனால் அவற்றில் பல, ராஜாக்கள் வேட்டையாடி விருந்துண்ண எழுப்பியவை. நான் பேச வந்திருப்பது சண்டைக்கென்றே நின்ற கோட்டைகளைப் பற்றி. தெற்கே, ஸ்பெயின் எல்லைக்குச் சற்று வடக்கே, கொர்பியேர் என்று ஒரு சுண்ணாம்புக்கல் மலைப்பகுதி. அகிலார், கெரிபுஸ், பெயர்பெர்த்யூஸ், புய்லோரான்ஸ், தெர்ம் என்று ஐந்து கோட்டைகள் அங்கே இருக்கின்றன. கார்க்கசோன் என்ற பெரிய கோட்டை நகரத்தின் ஐந்து பிள்ளைகள் என்று இவற்றைச் சொல்வார்கள். இந்தப் பிள்ளைகளைப் பார்க்கக் காரில் போகாதீர்கள், நடந்து போங்கள், முடியாவிட்டால் சைக்கிளில் போங்கள் என்பது என் கட்சி.

காரணம் இருக்கிறது. இங்கே சுவரைவிட மலைதான் முக்கியம். கட்டியவர்கள் பாதி வேலையை மலையிடமே விட்டுவிட்டார்கள். காரில் போனால் டிக்கெட் கொடுக்கும் இடம்வரை ஏறிவிடலாம். அங்கிருந்து கொஞ்சம் மூச்சு வாங்கினால் கோட்டை வந்துவிடும். இடிந்த சுவர் நாலு தெரியும், படம் எடுத்துவிட்டு இறங்கிவிடலாம். கீழே கிராமத்திலிருந்து நடந்தால் கதையே வேறு. காலையிலிருந்து கோட்டை உங்கள் கண்ணில் படும், அதாவது நீங்களும் அதன் கண்ணில் படுவீர்கள். ஒரு வளைவில் மறையும், அடுத்த வளைவில் தலைக்கு மேலே நிற்கும். ஒளிந்து போக மரமில்லை, வேகமாக ஏற வழியில்லை. ஒரு படை இங்கே எப்படித் திணறியிருக்கும் என்பதை உங்கள் முழங்கால் உங்களுக்குச் சொல்லிவிடும்.

இதற்கென்றே ஒரு நடைபாதை இருக்கிறது. மத்தியதரைக் கடலோரம் போர்-லா-நுவெல் என்ற துறைமுகத்தில் தொடங்கி, மேற்கே ஃபுவா நகரம்வரை சுமார் 250 கிலோமீட்டர். வழக்கமாகப் பன்னிரண்டு கட்டமாகப் பிரித்து நடப்பார்கள். காத்தர் பாதை என்று பெயர், தேசிய நடைபாதைகளின் வரிசையில் ஜி.ஆர். 367. முழுக்க நடக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. கூக்கூன்யான் என்ற சின்னக் கிராமத்தில் தங்கிக்கொண்டால், கெரிபுஸ், பெயர்பெர்த்யூஸ் இரண்டும் நடக்கும் தூரத்தில்தான் இருக்கின்றன. கிராமத்தின் மேட்டில் ஒரு காற்றாலை உண்டு.

காத்தர்கள் யார்? 12, 13ஆம் நூற்றாண்டுகளில் தென் பிரான்சில் பரவியிருந்த கிறிஸ்தவப் பிரிவினர். கண்ணுக்குத் தெரியும் உலகம் தீய சக்தியின் படைப்பு, ஆன்மா மட்டுமே கடவுளுடையது என்று நம்பினார்கள். அவர்களில் தீட்சை பெற்றவர்கள் இறைச்சி, முட்டை, பால் எதையும் தொடமாட்டார்கள், மீன் மட்டும் உண்டு. ரோம் திருச்சபை அவர்களை மத விரோதிகள் என்றது. போப் மூன்றாம் இன்னொசென்ட் அழைப்பு விடுக்க, 1209இல் வடக்கிலிருந்து சிலுவைப் படை இறங்கியது. இருபது ஆண்டுகள் சண்டை, அதன் பிறகும் சில கோட்டைகள் விழாமல் நின்றன.

அந்தச் சண்டையில் எனக்கு மறக்க முடியாதது தெர்ம் கோட்டையின் முற்றுகை. 1210ஆம் ஆண்டு, சிலுவைப் படையின் தலைவர் சிமோன் தெ மோன்ஃபோர் கோட்டையைச் சுற்றி வளைத்தார். மாதங்கள் ஓடின. உள்ளே தண்ணீர் தீர்ந்துபோய் சரணடைய ஒப்புக்கொண்டார்கள். அன்று இரவே பெருமழை கொட்டியது, தொட்டிகள் நிரம்பின. மறுநாள் ஒப்பந்தமும் இல்லை ஒன்றும் இல்லை, கதவைச் சாத்திக்கொண்டார்கள். ஆனால் அந்தத் தண்ணீரே வினையாயிற்று. வயிற்றுக்கடுப்பு பரவி, கடைசியில் இரவோடு இரவாகக் கோட்டையை விட்டு ஓட வேண்டியதாயிற்று. இந்தக் கோட்டைகளில் எங்கே போனாலும் முதலில் தண்ணீர்த் தொட்டியைத் தேடுங்கள். சுவர் எத்தனை அடி தடிமன் என்பது அப்புறம்தான்.

இப்போது ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். அந்தப் பகுதியில் சாலைப் பலகையிலிருந்து ஒயின் பாட்டில்வரை எல்லாவற்றிலும் காத்தர் பெயர் ஒட்டியிருக்கும். ஆனால் இன்று நீங்கள் பார்க்கும் சுவர்களில் பெரும்பகுதி காத்தர்கள் காலத்தது அல்ல. அவர்களை ஒடுக்கிய பிறகு, பிரெஞ்சு மன்னர் ஒன்பதாம் லூயியும் அவருக்குப் பின் வந்தவர்களும் கட்டியது. 1258இல் லூயியும், இன்றைய ஸ்பெயினில் இருந்த அரகோன் நாட்டு மன்னர் முதலாம் ஜைமேயும் கோர்பேய் உடன்படிக்கை செய்துகொண்டார்கள். எல்லை இந்த மலைகளின் மேலே விழுந்தது. தெற்கே அரகோன், வடக்கே பிரான்ஸ், நடுவில் இந்த ஐந்து கோட்டைகள். அப்படியே நானூறு ஆண்டுகள். 1659இல் பிரனே உடன்படிக்கை எல்லையைத் தெற்கே தள்ளிவிட்டது. ஒரே கையெழுத்தில் கோட்டைகளுக்கு வேலை போய்விட்டது! யாரும் திருத்தி அழகுபடுத்தாமல் விட்டதால்தான் இடைக்கால வடிவம் இவ்வளவுக்கு மிஞ்சியிருக்கிறது.

பெயர்பெர்த்யூஸுக்கு அரை நாளாவது கொடுங்கள். துய்யாக் கிராமத்திலிருந்து ஏறினால், சுமார் 800 மீட்டர் உயரத்தில் ஒரு நீண்ட பாறை முகடு, அதன் நீளத்துக்கும் சுவர். பாறை எங்கே முடிகிறது, சுவர் எங்கே தொடங்குகிறது என்று கீழிருந்து பிரித்துச் சொல்ல முடியாது. டிக்கெட் வாங்கியதும் நேரே கதவு இருக்காது. பாறையைச் சுற்றிக்கொண்டு வடபுறம் போக வேண்டும். உள்ளே பழைய கீழ்க்கோட்டை, அதற்கும் மேலே லூயி கட்டுவித்த சான் ஜோர்தி கோட்டை. இரண்டுக்கும் நடுவே பாறையிலேயே வெட்டிய படிக்கட்டு, ஒரு பக்கம் பாதாளம். மழையில் அந்தப் படிகள் சோப்புப் போட்டதுபோல் வழுக்கும். இடி மின்னல் என்றால் கோட்டையையே மூடிவிடுவார்கள், கெஞ்சிப் பயனில்லை.

மேலே நின்றால் கெரிபுஸ் தெரியும், கத்தி முனையில் வைத்த கல் மாதிரி. காத்தர்களின் புகலிடங்களில் 1255இல் கடைசியாக விழுந்தது அதுதான். உள்ளே ஒற்றைத் தூண் தாங்கும் ஒரு மண்டபம் இருக்கிறது, தூணின் உச்சியிலிருந்து வளைவுகள் நாலாபக்கமும் பனை ஓலைபோல் விரியும். வெளியே காற்று ஆளைத் தள்ளிக்கொண்டிருக்கும்போது அந்த மண்டபத்துக்குள் நுழைவது ஒரு தனி சுகம். கோபுரத்தின் மேலிருந்து கடலும் தெரியும், கானிகு மலையும் தெரியும்.

மேற்கே போகப் போக நிலம் பசுமையாகிவிடும். புய்வேர் கோட்டையில் வாத்தியங்களோடு எட்டு இசைக்கலைஞர்களின் கற்சிற்பங்கள் இருக்கின்றன. நின்று பாருங்கள், ஒவ்வொருவர் கையிலும் ஒரு வாத்தியம். அப்புறம் மோன்செகூர், காத்தர்கள் அடைக்கலம் புகுந்த மலைக்கோட்டை. மலையின் உயரம் 1,207 மீட்டர். 1243 மே மாதம் தொடங்கிய முற்றுகை மறு ஆண்டு மார்ச்சில் முடிந்தது. காத்தர் மத நம்பிக்கையைக் கைவிட்டால் உயிர் பிழைக்கலாம் என்றார்கள். கைவிட மறுத்த இருநூறுக்கும் மேற்பட்டவர்களை 1244 மார்ச் 16 அன்று எரித்துவிட்டார்கள். அங்கேயும் இன்றிருக்கும் சுவர் பிற்காலத்தது. மலை அதே மலை.

சரி, சைக்கிள்காரர்களுக்கு. கொர்பியேரின் சின்னச் சாலைகள் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே போகின்றன, வண்டி நடமாட்டம் குறைவு, ஆனால் சமவெளி கிடையாது. சிறிய கியர் உள்ள சைக்கிளோ பேட்டரி சைக்கிளோ நல்லது. வடமேற்கிலிருந்து திரமோந்தான் என்ற காற்று வீசும், சில நாட்களில் சைக்கிளைப் பிடித்து நிற்பதே பெரும்பாடு. அதனால் கார்க்கசோனில் தொடங்கிக் கடலை நோக்கி ஓட்டுங்கள், காற்று முதுகில் இருக்கும். தெர்ம் நடைபாதையிலிருந்து விலகி வடக்கே இருக்கிறது, அது சைக்கிளுக்கு ஏற்ற இடம். ஆனால் எந்தக் கோட்டையானாலும் கடைசி ஏற்றம் கல்லும் முள்ளும்தான், சைக்கிளைக் கீழே பூட்டிவிட்டுப் போக வேண்டும்.

ஜூலை, ஆகஸ்ட் வேண்டாம். வெயில் ஒரு பக்கம், காட்டுத்தீ அபாயம் இன்னொரு பக்கம். 2025 ஆகஸ்டில் கொர்பியேரில் 16,000 ஹெக்டேர் அளவுக்கு எரிந்துபோனது. ஆபத்தான நாட்களில் பாதைகளையே மூடிவிடுகிறார்கள். ஏப்ரல் முதல் ஜூன் முற்பகுதிவரை, அல்லது செப்டம்பர், அக்டோபர் நல்ல காலம். வழியில் கிராமங்கள் சிறியவை, கடைகள் நினைத்த நேரத்தில் திறந்திருக்காது. நடைப்பயணிகள் விடுதிகளில் படுக்கையோடு இரவுச் சாப்பாடும் சேர்த்தே முன்பதிவு செய்துவிடுங்கள். சைவம் என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தண்ணீர் இரண்டு லிட்டருக்குக் குறையாமல் எடுத்துக்கொள்ளுங்கள்.

பாதையின் இரு முனைகளிலும் ரயில் நிலையம் இருப்பது பெரிய வசதி. ஃபுவாவிலிருந்து துலூஸுக்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். ரயில் ஏறும் முன் நேரமிருந்தால், ஊர் நடுவே பாறை மேல் நிற்கும் ஃபுவா கோட்டையின் மூன்று கோபுரங்களையும் ஏறிப் பார்த்துவிடலாம். கால்தான் பழகியிருக்குமே!

நன்றி, வணக்கம்.