நெல்லுக்கு ‘சாட்டிவா’, பூண்டுக்கு ‘சாட்டிவம்’

நேயர்களுக்கு என் அன்பான வணக்கம்.

நெல்லின் தாவரவியல் பெயர் ஒரைசா சாட்டிவா. பூண்டு, அல்லியம் சாட்டிவம். வெள்ளரி, குக்குமிஸ் சாட்டிவஸ். மாணவர்கள் மூன்றையும் மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். கடைசியில் மட்டும் வா, வம், வஸ் என்று ஏன் மாறுகிறது என்பதைப் பல வகுப்புகளில் சொல்லித் தருவதே இல்லை. அதில் எனக்கு நிரம்ப வருத்தம் உண்டு.

மூன்றும் ஒரே லத்தீன் சொல். ‘செரெரே’ என்ற வினைக்கு விதைப்பது, நடுவது என்று பொருள். அதில் பிறந்தது சாட்டிவஸ்: மனிதர் பயிரிடுவது. காட்டில் தானாக வளர்வதற்கு ‘சில்வெஸ்ட்ரிஸ்’ என்பார்கள். நம் ஈச்சமரம் பீனிக்ஸ் சில்வெஸ்ட்ரிஸ். இதில் குங்குமப்பூவைப் பாருங்கள். அதன் பெயர் குரோக்கஸ் சாட்டிவஸ், ஆனால் அது விதையே கட்டாது. மண்ணுக்குள் இருக்கும் கிழங்கைப் பிரித்து நட்டால்தான் உண்டு. மனிதக் கை படாமல் அந்தச் செடிக்கு அடுத்த தலைமுறை இல்லை. இவ்வளவு பொருத்தமாக அந்தப் பெயர் வேறு எதற்கும் அமையவில்லை என்பேன்.

இனி இலக்கணம். நல்ல பையன், நல்ல பெண், நல்ல பால் என்கிறோம்; ‘நல்ல’ மாறுவதில்லை. வந்தான், வந்தாள், வந்தது என்று வினைமுற்றில்தான் பால் காட்டுகிறோம். லத்தீன் மொழியோ, முன்னால் வரும் பெயருக்கேற்ப அடைமொழியிலேயே பால் காட்டும். குக்குமிஸ் ஆண்பால், ஒரைசா பெண்பால், அல்லியம் இரண்டுமில்லாத நடுப்பால். ஆண் பூ, பெண் பூ என்பதற்கும் இதற்கும் தொடர்பே கிடையாது. இது சொல்லின் பால்.

‘அஸ்’ என்று முடிந்தால் ஆண்பால் என்று முடிவு கட்டிவிடவும் முடியாது. ரோமானியர்கள் மரப்பெயர்களைப் பெரும்பாலும் பெண்பாலாகவே வழங்கினார்கள். அதனால்தான் அரசமரம் ஃபைகஸ் ரிலிஜியோசா.

பாசிப்பயறுக்கு 1753இல் சுவீடன் நாட்டுத் தாவரவியலாளர் லின்னேயஸ் வைத்த பெயர் பேசியோலஸ் ரேடியேட்டஸ். பெயரின் முதல் சொல் பேரினத்தை, அதாவது நெருங்கிய இனங்களின் தொகுதியைக் குறிக்கும். பிற்காலத்தில் பாசிப்பயறை விக்னா பேரினத்துக்கு மாற்றினார்கள். விக்னா பெண்பால், உடனே ரேடியேட்டஸ், ரேடியேட்டா ஆகிவிட்டது. பன்னாட்டுத் தாவரப் பெயரிடல் விதிகளும் இதையே வலியுறுத்துகின்றன: அடைமொழியின் விகுதி தவறாக அச்சேறியிருந்தால் பெயரைத் தள்ளிவிட வேண்டாம், விகுதியைத் திருத்திக்கொண்டால் போதும்.