‘ஷெத்ரிக்’ தந்த லியொன்தோவிச்

அன்பு நண்பர்களே,

டிசம்பர் வந்தால் ஒலிக்கத் தொடங்கும் ‘கேரல் ஆஃப் த பெல்ஸ்’ என்ற ஆங்கிலக் கிறிஸ்துமஸ் பாட்டை உங்களில் பலர் கேட்டிருப்பீர்கள். மெட்டு உக்ரைனுடையது. அதற்கும் கிறிஸ்துமஸுக்கும் முதலில் தொடர்பே கிடையாது. மூலப் பாட்டில் தகைவிலான் குருவி ஒன்று பறந்து வந்து வீட்டுக்காரரைக் கூப்பிடுகிறது: தொழுவத்தைப் போய்ப் பார், ஆடுகள் குட்டி போட்டிருக்கின்றன! அந்தப் புத்தாண்டு வாழ்த்துப் பாட்டின் பெயர் ‘ஷெத்ரிக்’. நாட்டுப்புறத்தில் கிடந்த அதை நால்வகைக் குரல்களுக்கான கூட்டிசையாக்கியவர் மிக்கோலா லியொன்தோவிச்.

1877-ல் உக்ரைனின் பொதோலியா வட்டாரத்தில் பாதிரியார் வீட்டில் பிறந்தவர். இறையியல் படித்தும் பள்ளி ஆசிரியர் வேலைக்கே போனார். இன்று போர்ச் செய்திகளில் அடிபடும் பொக்ரோவ்ஸ்க் அப்போது ஹிரிஷினே ரயில் நிலையம். அங்கே தொழிலாளிகளைத் திரட்டிப் பாடகர் குழு நடத்தினார். பிறகு துல்சின் ஊரில் பெண்கள் பள்ளியில் வேலை.

அவருடைய கைவண்ணத்தைப் பாருங்கள். ‘ஷெத்ரிக்’கின் உயிர் நான்கே ஒலிகள் கொண்ட ஒரு துணுக்கு. அதிலும் ஒரு சுரம் இருமுறை வருகிறது. அந்தத் துணுக்கு விடாமல் திரும்பத் திரும்ப வருகிறது. அதன் கீழே மற்ற குரல்கள் ஒவ்வொன்றாகச் சேர்ந்து, பெருகி, பின் வடிகின்றன. வாத்தியம் எதுவும் கிடையாது. மெட்டைத் தொடாமலே அதன் பொருளை மாற்றிக்காட்டுகிறார். இதற்காக ஆண்டுக்கணக்கில் திருத்தித் திருத்தி எழுதினார். பெரிய சிம்பொனிகளுக்கு இணையான சாதனை என்றே இதை நான் மதிக்கிறேன்.

1916-ல் கீவ் மாணவர் குழு இதை அரங்கேற்றியது. நடத்தியவர் ஒலெக்சாந்தர் கோஷிட்ஸ். 1919-ல் புதிய உக்ரைன் குடியரசு, தன்னை உலகம் அறியட்டும் என்று அவர் தலைமையில் ஒரு பாடகர் குழுவை ஐரோப்பாவுக்கு அனுப்பியது. 1922 அக்டோபரில் அந்தக் குழு நியூயார்க் கார்னெகி அரங்கில் ‘ஷெத்ரிக்’ பாடியபோது குடியரசு வீழ்ந்திருந்தது. லியொன்தோவிச்சும் உயிரோடு இல்லை. 1921 ஜனவரி 23 அதிகாலை, மார்கிவ்கா கிராமத்தில் தந்தையின் வீட்டில், இரவு தங்க இடம் கேட்டு வந்த சோவியத் ரகசியப் போலீஸ் ஆள் அவரைச் சுட்டுக் கொன்றான். வயது 43. எழுதிவந்த ஆபெரா என்னும் இசை நாடகம் பாதியில் நின்றது. கொன்றவன் யார் என்பதைச் சொல்லும் ஆவணம் 1990-களில்தான் வெளியே வந்தது.

‘கேரல் ஆஃப் த பெல்ஸ்’ பாட்டில் வரும் மணியோசை பற்றிய ஆங்கில வரிகள் 1936-ல் பீட்டர் வில்ஹவுஸ்கி எழுதியவை. உலகம் அவற்றைப் பிடித்துக்கொண்டு, இசையமைத்தவரை விட்டுவிட்டது. எனக்கு அது பெரிய மனக்குறை.

ஒரு பாட்டோடு அவரை நிறுத்திவிடாதீர்கள். ‘துதாரிக்’ கேளுங்கள். ஊர் வழியே குழலூதிக்கொண்டு போன தாத்தா இப்போது இல்லை, குழல் சும்மா கிடக்கிறது என்று பாடும் பாட்டு. நூற்றுக்கும் மேற்பட்ட நாட்டுப்பாடல்களை இப்படிக் குரல்களுக்கு அமைத்திருக்கிறார். பல இணையத்திலேயே கிடைக்கின்றன.