பொக்ஸருக்குச் சேரவேண்டிய ஓய்வூதியம்

அவைத்தலைவர் அவர்களே, எத்தனையோ அலுவல்களுக்கு நடுவே வந்து மேடையைச் சிறப்பித்திருக்கும் பிரதம விருந்தினர் அவர்களே, சட்டத்தரணி அம்மா அவர்களே, புறக்கோட்டை வர்த்தகப் பெருமக்களே, மழையையும் காலி வீதி நெரிசலையும் பாராமல் வெள்ளவத்தைக்கு வந்திருக்கும் தாய்மாரே, தம்பி தங்கையரே, எல்லோருக்கும் வணக்கம். மண்டபத்தை இலவசமாகத் தந்த ஐயாவுக்குத் தனியாக ஒரு நன்றி.

1945இல் வெளிவந்த ஜோர்ஜ் ஓர்வெலின் 'விலங்குப் பண்ணை' நாவலை வைத்து மூன்று விஷயம் பேச வந்தேன்: யார் தலைவர், யாருக்கு எந்த வேலை, விளைந்ததை யார் பங்கிடுவது. உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்பார்கள். அந்தக் கணக்கைத்தான் ஓர்வெல் பார்த்திருக்கிறார்.

பண்ணை முதலாளி ஜோன்ஸை மிருகங்கள் துரத்திவிடுகின்றன. அப்புறம் பன்றிகளுக்கு மேற்பார்வை, மற்றவர்களுக்கு வேலை. கறந்த பால் ஐந்து வாளி. அதைப் பற்றி யோசிக்காதீர்கள், அறுவடைக்குப் போங்கள் என்கிறது நெப்போலியன் என்ற தலைவர் பன்றி. மாலையில் வந்து பார்த்தால் பால் இல்லை! நாங்கள் மூளையால் உழைப்பவர்கள், உங்களுக்காகத்தான் குடிக்கிறோம் என்று பிறகு ஸ்குவீலர் என்ற இன்னொரு பன்றி விளக்கம் சொல்கிறது.

பொக்ஸர் என்ற குதிரையை நினைத்துப் பாருங்கள். எல்லோருக்கும் அரை மணி நேரம் முன்னதாகத் தன்னை எழுப்பச் சொல்லும். காற்றாலைக்குக் கல் இழுத்தது அதுதான். குதிரைக்கு 12 வயதில் ஓய்வு, நாளுக்கு 5 இறாத்தல் தானியம், குளிர்காலத்தில் 15 இறாத்தல் வைக்கோல் என்று சட்டம் இருந்தது. அந்த வயது வருமுன்னே பொக்ஸர் விழுந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்கு என்று வண்டி வந்தது. வண்டியில் எழுதியிருந்ததைக் கழுதை பெஞ்சமின் வாசித்துச் சொன்னபிறகுதான் அது குதிரை அறுப்பவன் வண்டி என்று மற்றவர்களுக்குத் தெரிந்தது. உள்ளிருந்து பொக்ஸர் உதைத்தது; கதவை உடைக்கும் பலம் இல்லை. கொஞ்ச நாளில் பன்றிகளுக்கு விஸ்கி வாங்கப் பணம் கிடைத்தது.

சரி, புறக்கோட்டை நான்காம் குறுக்குத் தெருவுக்கு வாருங்கள். லொறியிலிருந்து மூட்டை இறக்கும் நம் நாட்டாமைமாரில் எத்தனை பேருடைய பெயர், ஓய்வுக்காலத்துக்கென்று பணம் சேர்க்கும் ஊழியர் சேமலாப நிதியில் இருக்கிறது? 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி சம்பளத்தில் தொழிலாளி 8 வீதம், முதலாளி 12 வீதம் கட்டவேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி இன்னும் 3 வீதம். மூட்டைக்கு இவ்வளவு என்று கூலி வாங்குபவர் பத்துக் கடைக்குச் சுமக்கிறார். அவருடைய முதலாளி யார்? இந்தக் கேள்வியிலேயே முதுகு வளைந்துபோகிறது. உழுதவன் கணக்கில் உழக்காவது மிஞ்ச வேண்டாமா?

வர்த்தகப் பெருமக்களே, தெருவுக்கு ஒரு பதிவேடு வையுங்கள். கடைகள் சேர்ந்து, சுமந்த மூட்டைக் கணக்குப்படி மாதாமாதம் அந்த நிதிகளுக்குப் பணம் கட்டுங்கள். இதைக் கேட்டுத் தொழில் திணைக்களத்துக்கு அனுப்பும் மனு வாசலில் இருக்கிறது. முதல் கையெழுத்தைப் பிரதம விருந்தினர் இடவேண்டும் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.