கல்லூரிக்குப் பணம்: எவ்வளவு என்பதைவிட எப்போது என்பது முக்கியம்

[திரையில்: நேரு உள்விளையாட்டரங்கம், சென்னை]

2020 நவம்பர் 18. நீட் எழுதிய அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள்ஒதுக்கீட்டில் முதல் கலந்தாய்வு. எம்பிபிஎஸ், பிடிஎஸ் சேர்த்து 405 இடங்கள். சிலருக்குத் தனியார் கல்லூரியில் இடம் வந்தது. ஆண்டுக்கு லட்சக்கணக்கில் கட்டணம்; பெற்றோருக்கோ கூலி வேலை. டாக்டர் சீட்டையே வேண்டாம் என்று விட்டுவிட்டு ஊர் திரும்பினார்கள்.

அடுத்த சில நாட்களிலேயே, தனியார் கல்லூரிக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கும் என்று அறிவிப்பு வந்தது. நல்ல முடிவுதான். ஆனால் சீட்டை விட்டவர்கள் நீதிமன்றப் படியேற வேண்டியிருந்தது. அந்தச் சேதி கலந்தாய்வுக்கு முன்பே வந்திருந்தால் அவர்கள் எடுத்திருக்கும் முடிவே வேறு.

[திரையில்: கட்டண ரசீது]

சேமிப்பு இருக்கும் வீட்டில் முதலில் கட்டணத்தைக் கட்டிவிடுவார்கள், ஸ்காலர்ஷிப் மெதுவாக வரட்டும். தினக்கூலி வீட்டில் அது நடக்காது. ஜூனில் கட்ட வேண்டிய பணத்துக்கு நகையை அடகு வைக்க வேண்டும், இல்லை வட்டிக்கு வாங்க வேண்டும். அப்புறம் இன்னொரு கணக்கும் ஓடும். பையன் திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போனால் சனிக்கிழமை சம்பளம் கைக்கு வந்துவிடும். கல்லூரிக்குப் போனால் மூன்று வருஷத்துக்கு அந்தச் சம்பளமும் இல்லை, பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் செலவு வேறு. இவர்களைப் படிப்பில் அக்கறை இல்லாதவர்கள் என்று பேசுவது பெரிய அநியாயம்.

[திரையில்: தபாலில் வந்த பெரிய உறை]

அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகம் 2015இல் ஒரு சோதனை செய்தது. நன்றாகப் படிக்கும் ஏழை மாணவர்களுக்கு, இடம் கிடைத்தால் நான்கு வருடமும் கல்விக் கட்டணம் கிடையாது என்று உறுதி சொல்லிக் கடிதம் போனது. கடிதம் வராதவர்களில் 26 சதவீதம் பேர் விண்ணப்பித்தார்கள். வந்தவர்களில் 68 சதவீதம். சேர்ந்தவர்களும் இரு மடங்குக்கு மேல். இத்தனைக்கும் பெரும்பாலோருக்கு அந்த உதவி எப்படியும் கிடைக்கக்கூடியதுதான். புதிதாகப் போனது உறுதிமொழி மட்டுமே.

நம் ஊர் புதுமைப் பெண் திட்டத்தில் எனக்குப் பிடித்ததும் இதுதான். ஏழைப் பெண்களின் கல்யாணத்துக்கு அரசு தந்த பணமும் தங்கமும் 2022இல் படிப்புக்கு மாறின. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்த பெண் கல்லூரியில் சேர்ந்தால் மாதம் 1,000 ரூபாய், அவள் வங்கிக் கணக்கிலேயே. கட்டணத்துக்கு அது போதாது. ஆனால் எட்டாம் வகுப்புப் பெண்ணுக்கே அது வரும் என்று தெரிந்துவிடுகிறது.

[திரையில்: இ-சேவை மையம்]

வீட்டில் ப்ளஸ் டூ பிள்ளை இருந்தால் ரிசல்ட்டுக்குக் காத்திருக்க வேண்டாம். வருமானச் சான்றிதழுக்கு இப்போதே விண்ணப்பியுங்கள். குடும்பத்தில் யாரும் டிகிரி முடிக்கவில்லையென்றால் முதல் பட்டதாரி சான்றிதழுக்கும் சேர்த்து. கல்லூரி அலுவலகத்தில் ஒன்றைக் கட்டாயம் கேளுங்கள்: உதவித்தொகையைக் கழித்துக்கொண்டு மீதியைக் கட்டினால் போதுமா, இல்லை முழுத் தொகையும் முதலில் கட்ட வேண்டுமா? பதில் தெரிந்த பிறகு சேருங்கள்.