இறக்கை முளைத்த எசெக்ஸ் தொகுதி

நேயர்களுக்கு வணக்கம். தேர்தல் வந்தால் யார் நிற்கிறார், எந்தக் கூட்டணி, யார் ஜெயிப்பார் என்று டீக்கடையில் மணிக்கணக்காகப் பேசுகிறோம். தொகுதியின் எல்லை ஏன் இந்தத் தெருவோடு முடிகிறது, எதிர்த் தெரு ஏன் வேறு தொகுதி என்று கேட்பவர்கள் குறைவு. இன்று அந்தக் கோட்டைப் பற்றித்தான் பேசப்போகிறேன். அதற்கு 1812ஆம் ஆண்டு அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்துக்குப் போகவேண்டும். எசெக்ஸ் என்ற மாவட்டத்தில் ஒரு செனட் தொகுதி.

செனட் என்றதும் வாஷிங்டனில் இருப்பதுதான் நினைவுக்கு வரும். நான் சொல்வது அதுவல்ல. அங்கே ஒவ்வொரு மாநிலத்துக்கும் சொந்தமாக ஒரு செனட் உண்டு. தமிழ்நாட்டில் 1986 வரை இருந்த மேலவை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் மக்களே நேராக ஓட்டுப் போட்டு அனுப்புவது. மாசசூசெட்ஸ் செனட்டுக்கு 1780லேயே 40 இடம். இன்றைக்கும் அதே 40தான்.

1812க்கு முன்பு ஒரு கவுண்டி, அதாவது மாவட்டம், பெரும்பாலும் முழுசாக ஒரு தொகுதியாக இருந்தது. எந்த மாவட்டம் எவ்வளவு வரி கட்டுகிறதோ அதற்கேற்ப இடங்கள். ஆமாம், தலைக்கணக்கு இல்லை, வரிக்கணக்கு. எசெக்ஸுக்கு அப்போது ஐந்து செனட்டர்கள். ஐந்து பேரும் ஃபெடரலிஸ்ட் கட்சி. அதற்குப் போட்டி, முன்னாள் குடியரசுத் தலைவர் ஜெஃபர்சனுடைய கட்சி. அதற்கு நீளமான பெயர் ஒன்று உண்டு, நாம் ஜெஃபர்சன் கட்சி என்றே சொல்வோம். 1812 தொடக்கத்தில் சட்டமன்றத்தின் இரண்டு அவைகளும் அந்தக் கட்சியின் கையில். ஆளுநர் எல்பிரிட்ஜ் கெரியும் அதே கட்சி. கோடு போடும் பென்சில் முழுக்க ஒரே கையில் வந்துவிட்டது. பிப்ரவரி 11ஆம் தேதி புதிய தொகுதிச் சட்டத்தில் கெரி கையெழுத்துப் போட்டார்.

வானொலியில் வரைபடம் காட்ட முடியாது. அதனால் பஸ் ரூட் மாதிரி சொல்கிறேன். பாஸ்டனை ஒட்டிய செல்சியில் ஏறுகிறோம். செல்சி எசெக்ஸ் மாவட்டமே கிடையாது, பக்கத்து சஃபோக்கிலிருந்து இழுத்து ஒட்டியது. அங்கிருந்து கடற்கரையோடு லின், மார்பிள்ஹெட், சேலம். நம்ம மாம்பழத்துச் சேலம் இல்லை, இது துறைமுகச் சேலம். அங்கே வண்டி திடீரென்று கடலுக்கு முதுகைக் காட்டி உள்நாட்டுக்குத் திரும்புகிறது: டான்வர்ஸ், லின்ஃபீல்ட், மிடில்டன், ஆண்டோவர். மெரிமாக் ஆற்றைத் தாண்டி மெத்யூன். பிறகு வடகரையோடு கிழக்கே ஹேவரில், ஏம்ஸ்பரி, கடைசியில் மறுபடியும் கடல், சாலிஸ்பரி. மொத்தம் 12 ஊர். மாவட்டத்தின் வெளிவிளிம்பை மட்டும் வழித்து எடுத்த மாதிரி ஒரு வளைவு.

கடைசி ஸ்டாப்பில் கொஞ்சம் நின்று பாருங்கள். சாலிஸ்பரியிலிருந்து ஆற்றுக்கு அக்கரைப் பக்கம் நியூபரிபோர்ட். அது வேறு தொகுதி. அந்தக் கோடியில், பாஸ்டன் வாசலில் கிடக்கும் செல்சி மட்டும் ஒரே தொகுதி. சேலத்திலும் இதே கதைதான். பாலத்தைத் தாண்டினால் பெவர்லி, அது வேறு தொகுதி.

ஏன் இப்படி? நியூபரிபோர்ட் ஃபெடரலிஸ்ட் கோட்டை. மார்பிள்ஹெட் ஜெஃபர்சன் கட்சி ஊர், கெரி பிறந்த ஊரும் அதுதான். ஃபெடரலிஸ்ட் ஓட்டு குவிந்த ஊர்களை உள்ளே சேர்த்துக் கட்டி இரண்டு இடம் கொடுத்துவிட்டார்கள். சுற்றி வளைத்த தொகுதிக்கு மூன்று இடம்.

இதன் கணக்கை மனசுக்குள்ளேயே போட்டுப் பார்க்கலாம், தாள் வேண்டாம். ஒரு ஊரில் 50 வீடு. ஐந்து வார்டு, வார்டுக்குப் பத்து வீடு. 30 வீடு சிவப்புக் கட்சி, 20 வீடு நீலக் கட்சி. நியாயமாகப் பார்த்தால் சிவப்புக்குத்தான் அதிக வார்டு வரவேண்டும். இப்போது பென்சில் நீலக் கட்சியின் கையில். இரண்டு வார்டில் சிவப்பு வீடுகளைத் திணிக்கிறார்கள்: ஒவ்வொன்றிலும் ஒன்பது சிவப்பு, ஒரு நீலம். ஆக, 18 சிவப்பு ஓட்டு இரண்டே வார்டில் அடைந்துபோனது. மிச்சம் 12 சிவப்பு வீடு. அதை மூன்று வார்டுக்கு நான்கு நான்காகப் பிரித்துவிட்டால், அந்த மூன்றிலும் ஆறுக்கு நான்கு என்று நீலம் ஜெயிக்கும். 20 வீடு வைத்திருப்பவனுக்கு மூன்று வார்டு, 30 வீடு வைத்திருப்பவனுக்கு இரண்டு. கள்ள ஓட்டு ஒன்றுகூட இல்லை. ஓட்டு எண்ணுகிறவர் நூற்றுக்கு நூறு யோக்கியர்.

வேலை இரண்டுதான்: ஒரு பக்கம் அடைப்பது, இன்னொரு பக்கம் உடைப்பது. இதை ஒரு தடவைக்கு இரண்டு தடவையாகச் சொல்கிறேன், ஏனென்றால் தொகுதி கோணலாக இருந்தால்தான் மோசடி என்று பலர் நினைக்கிறார்கள். கோணல் இல்லாமல், அதிரசத் தட்டு மாதிரி வட்டமாகவும் இதைச் செய்யலாம். எந்த வீடு எந்தப் பக்கம் என்று தெரிந்திருந்தால் போதும்.

மார்ச் 26ஆம் தேதி பாஸ்டன் கெஜட் பத்திரிகையில் அந்த வளைவுத் தொகுதியின் வரைபடம் வந்தது. இறக்கை, நகம் எல்லாம் போட்டு, சாலிஸ்பரியைத் தலையாக்கி ஒரு விலங்காக வரைந்திருந்தார்கள். வரைந்தவர் எல்கானா டிஸ்டேல் என்று கருதுகிறார்கள். சாலமாண்டர் என்றொரு பிராணி உண்டு. பார்த்தால் பல்லி, ஆனால் பல்லி இனமில்லை, தவளைக்குத்தான் உறவு, ஈரத் தோல். கெரியின் பெயரையும் சாலமாண்டரின் வாலையும் ஒட்டி, 'கெரிமாண்டர்' என்று தலைப்பு வைத்தார்கள்.

இங்கே ஒரு சின்ன வழக்கு. அவர் பெயர் கெரி. கெஜட்டில் வருகிற 'கெ'. ஆனால் இப்படிக் கோடு போடும் வேலையை இன்று உலகமே 'ஜெரிமாண்டர்' என்கிறது. பாவம், கெட்ட பெயர் வாங்கியதுதான் வாங்கினார், அதையாவது சரியாகச் சொல்லலாம். அவர் சாமானியரும் அல்ல: 1776இல் சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்டவர், 1787இல் அரசியல் சட்டத்தில் கையெழுத்திட மாட்டேன் என்று மறுத்தவர். போடாத கையெழுத்துக்கு நினைக்கப்பட வேண்டியவர், போட்ட ஒரு கையெழுத்துக்காக நிற்கிறார்.

சரி, ஏப்ரலில் தேர்தல். மாநிலம் முழுக்க ஃபெடரலிஸ்ட் செனட் வேட்பாளர்களுக்கு 51,766 ஓட்டு, ஜெஃபர்சன் கட்சிக்கு 50,164. இடங்கள்? அதிக ஓட்டு வாங்கியவர்களுக்கு 11, குறைந்த ஓட்டு வாங்கியவர்களுக்கு 29. எசெக்ஸில் ஐந்துக்கு ஐந்து என்றிருந்த ஃபெடரலிஸ்டுகள் இரண்டுக்கு இறங்கினார்கள்.

ஆனால் கெரி தோற்றார். ஆளுநர் பதவிக்கு மாநிலம் முழுவதும் ஒரே தொகுதி. அங்கே உடைக்கவும் அடைக்கவும் கோடே கிடையாது. கீழவையும் கைவிட்டுப் போனது, காரணம் கீழவை உறுப்பினர்களை ஊர் ஊராக அனுப்பினார்கள். ஊர் எல்லையை அந்தச் சட்டம் தொடவில்லை. கோடு மாறிய இடத்தில் மட்டும் கட்சி ஜெயித்தது, மாறாத இடத்தில் தோற்றது. சோதனைச்சாலையில் செய்தால்கூட இவ்வளவு சுத்தமாக வராது. கெரி அதற்கடுத்த ஆண்டு துணைக் குடியரசுத் தலைவரானார், 1814இல் பதவியிலேயே இறந்தார்.

விலங்குக்கும் ஆயுள் இல்லை. 1813 ஏப்ரலில் சேலம் கெஜட் பத்திரிகை அதே படத்தை எலும்புக்கூடாக வரைந்து, செத்துப்போனது என்று இரங்கல் போட்டது. இந்த வேலையில் உள்ளே இருக்கும் பலவீனத்தை நம் 50 வீட்டுக் கணக்கிலேயே பார்க்கலாம். நீலம் ஜெயித்த வார்டில் ஆறுக்கு நான்கு. ஒரே ஒரு வீடு மனசு மாறினால் ஐந்துக்கு ஐந்து. இரண்டு வீடு மாறினால் வார்டு போச்சு. நிறைய இடத்துக்கு ஆசைப்பட்டு ஓட்டை மெலிதாகப் பரப்பினால், சின்னக் காற்றுக்கே மொத்தமாகச் சாயும். அதனால்தான் கைதேர்ந்தவர்கள் ஒரு வார்டு குறைந்தாலும் பரவாயில்லை என்று ஏழுக்கு மூன்றாகப் போடுவார்கள்.

நேரம் ஓடிவிட்டது. 1857இல் மாசசூசெட்ஸ் 40 ஒற்றை உறுப்பினர் தொகுதிகளுக்கு மாறியதை விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன், முடியாது. கோடு போடாமல் விட்டாலும் இதே வேலை நடக்கும் என்பதற்கு ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். அலபாமாவில் 1900 கணக்கெடுப்பை வைத்துப் பிரித்த தொகுதிகளை அறுபது ஆண்டு யாரும் தொடவில்லை. ஜெஃபர்சன் கவுண்டியில் ஆறு லட்சத்துக்கு மேல் மக்கள், ஒரு செனட்டர். லவுண்டஸ் கவுண்டியில் 15,417 பேர், அங்கேயும் ஒரு செனட்டர். கலிஃபோர்னியாவில் லாஸ் ஏஞ்சலஸின் 60 லட்சம் பேருக்கு ஒருவர், மலைப் பக்கத்து 14,294 பேருக்கு ஒருவர். 1964இல் உச்ச நீதிமன்றம், மாநில செனட்டும் தலைக்கணக்கில்தான் இருக்கவேண்டும் என்றது. உறுப்பினர்கள் மக்களின் பிரதிநிதிகள், மரங்களுக்கோ ஏக்கர்களுக்கோ அல்ல என்று எழுதினார் தலைமை நீதிபதி வாரன். தலையை எண்ணும் வேலை அதோடு சீரானது. பென்சில் யார் கையில் என்பதை அந்தத் தீர்ப்பு தொடவில்லை. 2019இல் அதே நீதிமன்றம், கட்சி லாபத்துக்காகக் கோடு போட்ட வழக்கை மத்திய நீதிமன்றங்கள் விசாரிக்காது என்று சொல்லிவிட்டது. அந்த டிஸ்டேல் படத்தை அச்சடித்த மரக்கட்டை வாஷிங்டன் காங்கிரஸ் நூலகத்தில் இன்னும் இருக்கிறது. வணக்கம்.