அணி ஆட்டத்தை எடைபோட வல்லவர் பார்ப்பவரே

மதிப்பிற்குரிய நடுவர் அய்யா அவர்களே, எதிரணி நண்பர்களே, பாளையங்கோட்டையின் இந்த வெக்கையிலும் எழுந்து போகாமல் அமர்ந்திருக்கும் அவையோரே, அனைவருக்கும் வணக்கம்.

கணினியில் மாதக்கணக்கில் நீளும் அணி வியூக ஆட்டத்தைச் சரியாக எடைபோடுபவர் ஆடுபவரா, பார்ப்பவரா என்பது நமக்குத் தரப்பட்டிருக்கும் தலைப்பு. எனக்கு முன் பேசிய அண்ணாச்சி, பார்ப்பவருக்கு எல்லா அணிகளின் திட்டமும் தெரியும், ஆடுபவருக்கோ வரைபடத்தில் தன் படை நடந்து வெளிச்சமாக்கிய பகுதி மட்டுமே தெரியும், ஆகவே பார்ப்பவர் சொல்லும் குறையெல்லாம் விடை தெரிந்தவனின் குறை என்று வாதிட்டார். அதற்குச் சான்றாக 2022இல் மாமல்லபுரத்தில் நடந்த சதுரங்க ஒலிம்பியாடையும் எடுத்துக்காட்டினார். பத்தாவது சுற்றில் நம் குகேஷ், உஸ்பெகிஸ்தானின் அப்துசத்தாரோவிடம் வெல்லும் நிலையில் இருந்து தோற்றபோது, யார் கை ஓங்கியிருக்கிறது என்று கணினி காட்டும் மதிப்பெண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு அவரைக் குறை சொல்வது எளிதாகத்தான் இருந்தது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒலிம்பியாடில் நால்வர் ஓர் அணியாக உட்கார்ந்தாலும் நடப்பவை நான்கு தனி ஆட்டங்கள். ஒரு பலகைக்கு ஒரு மூளை. அணித்தலைவர்கூட நிலையைப் பற்றி ஆட்டக்காரரிடம் பேசக் கூடாது என்பது விதி. நம் தலைப்போ, பல மூளைகள் கூடி ஒரே நாட்டை ஆளும் ஆட்டத்தைப் பற்றியது.

அவையில் இதை ஆடாதவர்களும் இருப்பதால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சிட் மேயர் உருவாக்கி 1991இல் வெளிவந்த சிவிலைசேஷன் என்னும் கணினி ஆட்டமும் அதன் பின்வந்த பதிப்புகளும் முறை வைத்து ஆடப்படுபவை. குடியேறிகளை அனுப்பி ஊர் அமைப்பது, இரும்பு கிடைக்கும் இடத்தைத் தேடுவது, சாலை போடுவது, அண்டை நாட்டோடு உடன்படிக்கை செய்வது, முடிந்தால் அதை விழுங்குவது என்று ஆட்டம் விரியும். அணிகளாக ஆடும்போது நான்கைந்து பேர் ஒரு நாட்டைச் சேர்ந்து நடத்துகிறார்கள். பெரும்பாலும் ஒரு நாளுக்கு ஒரு முறை என்று வைத்துக்கொள்வதால் ஆட்டம் மாதக்கணக்கில் போகும். பார்வையாளர்கள் எல்லா அணிகளின் உரையாடலையும் படிக்கலாம். தங்கள் கருத்தைத் தமக்குள் பேசிக்கொள்ளலாம். ஆட்டம் முடியும்வரை அதில் ஒரு சொல்லும் அணிகளின் காதுக்குப் போகக் கூடாது.

நம் ஊர்க் கல்லூரிப் பிள்ளைகள் ஆடிய ஓர் ஆட்டத்தை நான் அப்படிப் பார்த்தேன். டவுண், பேட்டை, மேலப்பாளையம், வண்ணார்பேட்டை என்று ஆளுக்கொரு பக்கம் இருந்த நால்வர் ஓர் அணி. வண்ணார்பேட்டைத் தம்பிக்குத் தூதுப் பொறுப்பு. நூறாவது முறை வரை ஒருவரையொருவர் தாக்குவதில்லை என்று அவர் தூத்துக்குடி அணியோடு பேசி முடித்திருந்தார். படையை நகர்த்துபவர் பேட்டைத் தம்பி. அவர் தென்காசி அணியின் எல்லை ஊரொன்றைப் பிடிக்கக் கவண்பொறிகளை அனுப்பினார். தூத்துக்குடியின் எல்லையை ஒட்டிச் செல்லும் சாலையே குறுக்கு வழி என்பதால் அந்த வழியில் அனுப்பினார். தனித்தனியே எடுத்தால் உடன்படிக்கையிலும் தவறில்லை, நகர்த்தலிலும் தவறில்லை. ஆனால் எல்லையோரம் கவண்பொறிகள் வரிசையாக வருவதைக் கண்ட தூத்துக்குடி, நூறாவது முறை முடிந்தவுடன் இடி நம் தலையில்தான் விழும் என்று கணக்குப் போட்டு, முந்திக்கொண்டு அடித்தது. நம் பிள்ளைகள், “வாக்குக் கொடுத்துவிட்டுக் கழுத்தறுத்துவிட்டார்கள்” என்று ஆட்டம் முடியும்வரை நம்பிக்கொண்டிருந்தார்கள்.

கவண்பொறிகள் புறப்பட்ட இரவே பார்வையாளர் ஒருவர், “இந்தப் படை எங்கே போகிறது என்று தூத்துக்குடிக்கு ஒரு வரி சொன்னார்களா?” என்று கேட்டிருந்தார். நடுவர் அவர்களே, இந்தக் கேள்வியைக் கேட்க அவருக்குத் தூத்துக்குடியின் இரகசியம் எதுவும் தேவைப்படவில்லை. நெல்லை அணியின் சொந்த உரையாடல் மட்டுமே போதுமாக இருந்தது. உடன்படிக்கை ஒரு நாள் பேசப்பட்டது, படையின் வழி வேறொரு நாள் முடிவானது. இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தவர் வெளியே இருந்தார். ஆகவே அண்ணாச்சி சொன்ன ‘விடை தெரிந்தவனின் குறை’ என்னும் குற்றச்சாட்டு இங்கே ஒட்டாது. பார்வையாளரின் விமர்சனத்தைச் சோதிக்க ஒரே ஓர் உரைகல் போதும்: அந்த அணிக்கு அன்று தெரிந்திருந்ததை மட்டும் வைத்து அது நிற்கிறதா? நின்றால் அது நேர்மையான விமர்சனம். நிற்காவிட்டால் எதிரணியினரோடு சேர்ந்து நானும் அதைத் தள்ளிவிடுகிறேன்.

ஆனித் திருவிழாவில் நெல்லையப்பர் தேரை வடம் பிடித்து இழுப்பவர்களின் முகம் முன்னே பார்த்திருக்கிறது. ரத வீதியின் திருப்பத்தில் சக்கரம் எந்தப் பக்கம் ஒதுங்குகிறது என்பது ஓரத்துத் திண்ணையில் நிற்பவருக்குத்தான் முதலில் தெரிகிறது. அவர் வடம் பிடித்தவரைவிடப் பலசாலி என்று யாரும் சொல்லவில்லை. அவர் நிற்கும் இடம் அப்படி.

உலகறிந்த சான்று ஒன்றையும் சொல்கிறேன். 1999இல் சதுரங்க மேதை காஸ்பரோவ் ஒருபக்கம், உலகம் மறுபக்கம் என்று இணையத்தில் ஒரு சதுரங்க ஆட்டம் நடந்தது. எழுபத்தைந்துக்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் வாக்களித்து உலக அணியின் நகர்வுகளை முடிவு செய்தார்கள். நான்கு இளம் ஆட்டக்காரர்கள் அவர்களுக்கு ஆலோசகர்கள்; அவர்களில் முதன்மையாக உழைத்தவர் அப்போது பதினைந்து வயதான இரினா க்ரஷ். 62 நகர்வுகளில் காஸ்பரோவ் வென்றார். 58ஆவது நகர்வில் க்ரஷின் பரிந்துரை வாக்களிப்போரை உரிய நேரத்தில் சென்றடையவில்லை. உலகம் வேறொன்றை நகர்த்தியது. ஆட்டம் அதற்கு முன்பே கைநழுவியிருந்ததா என்பது வேறு விவாதம். வாக்களித்தவர்களில் ஒருவரை நிறுத்தி ஏன் தோற்றீர்கள் என்று கேட்டால் ராணியையும் சிப்பாயையும் பற்றிச் சொல்வார். பரிந்துரை ஒரு பக்கமும் வாக்கு இன்னொரு பக்கமும் போனதை, இரண்டையும் தொடர்ந்து கவனித்தவர்தான் சொல்ல முடியும். அந்த ஆட்டத்தின்போது உலக அணியின் விவாதத்தைத் தாம் படித்துவந்ததைக் காஸ்பரோவ் பின்னாளில் ஒப்புக்கொண்டார் என்பதையும் மறைக்க விரும்பவில்லை. விமர்சனம் ஆட்டத்தின் நடுவே கசிந்தால் கேடு என்பதற்கு அது சான்று. பார்வையாளருக்குக் கண் இல்லை என்பதற்குச் சான்றாகாது.

தோல்வியின் பழியைச் சுமக்காதவனுக்குப் பேச என்ன தகுதி என்று எதிரணியில் ஒருவர் கேட்டார். பார்வையாளர்களில் பாதிப் பேர் வாய்ச்சவடால்காரர்கள் என்பது எனக்கும் தெரியும். “நானாக இருந்தால் ஐம்பதாவது முறையிலேயே முடித்திருப்பேன்” என்பவர் இல்லாத ஆட்டம் எது? ஆனால் பழி சுமப்பதுதான் ஆடுபவரின் பார்வையைக் கெடுக்கிறது. நம் பிள்ளைகள் நால்வரும் ஆட்டம் முடிந்தபின் எழுதிய விளக்கங்களைப் படித்தேன். தூதர் உடன்படிக்கையைக் காத்ததாக எழுதினார், படைப்பொறுப்பாளர் குறுக்கு வழியை நியாயப்படுத்தினார், மற்ற இருவரும் தங்களிடம் யாரும் கேட்கவில்லை என்றார்கள். நான்கும் உண்மை. நான்கையும் சேர்த்துப் படித்தாலும் தூத்துக்குடி ஏன் அடித்தது என்பது மட்டும் அவற்றில் இல்லை.

எனக்கு அடுத்துப் பேச வரும் எதிரணி அம்மா அவர்களை ஒன்று கேட்டு அமர்கிறேன்: கவண்பொறிகள் புறப்பட்ட அந்த இரவில், அந்த ஒரு வரியைத் தூத்துக்குடிக்கு அனுப்பியிருக்க வேண்டியவர் அந்த நால்வரில் யார்? விளக்கம் எழுதிய நால்வரின் சொற்களை மட்டும் வைத்துக்கொண்டு விடை சொல்லுங்கள்.